தனிப்பட்ட இலக்குகளை வகுத்தல்: புதியதை முயலுதலும் பழைய விருப்பத்தை மீட்டலும்

அறிமுகம்



தரம் 10, 11 ஆகிய இரு ஆண்டுகளிலும் நீங்கள் அடிக்கடி கூறும் வசனம் ஒன்று உண்டு. "பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பதே அது. சித்திரம் வரைதல், கதைப்புத்தகம் வாசித்தல், மைதானத்துக்குப் போதல், பட்டம் கட்டுதல் என்று பல விடயங்கள் இந்த ஒரு வசனத்தால் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கிடைக்கின்றன. ஆனால் அக்காலத்தில் என்ன செய்வதென்று பலருக்குத் தெரிவதில்லை.

அதன்பின் அதைவிடப் பெரிய வினா ஒன்று எழுகின்றது. உயர்தரத்தில் கலை, வர்த்தகம், உயிரியல், கணிதம், தொழினுட்பம் ஆகியவற்றுள் எந்தத் துறையைத் தெரிவு செய்வது? தமக்கு எது பிடிக்கும், எது கைவரும் என்பதை ஒரு நாளேனும் செய்து பார்த்திராத மாணவர், நண்பர்கள் போகும் துறைக்கோ அயலவர் புகழும் துறைக்கோ போய்விடுகின்றார். பிடிக்கவில்லை என்பது தெரியவரும்போது ஓராண்டு கழிந்துவிடுகின்றது.

இந்நிலையைத் தவிர்ப்பதற்குச் சிறிய தனிப்பட்ட இலக்குகள் உதவும். அவை இரு திசைகளில் அமைய வேண்டும். ஒன்று, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்து பார்த்தல். மற்றையது, முன்பு விரும்பிச் செய்து இடையில் கைவிட்ட ஒன்றுக்குத் திரும்புதல்.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• விருப்பத்தையும் இலக்கையும் வேறுபடுத்திக் காட்ட முடியும்.
• புதிய அனுபவம் ஒன்றைப் பாதுகாப்பாகத் தெரிவு செய்ய முடியும்.
• பழைய விருப்பத்தை மீட்பதன் பயன்களை விளக்க முடியும்.
• ஒரு தவணைக்குரிய தனிப்பட்ட திட்டத்தைத் தயாரித்து மீளாய்வு செய்ய முடியும்.

1. விருப்பமும் இலக்கும்

"எனக்குச் சிங்களம் பேச ஆசை" என்பது விருப்பம். "இத்தவணை முடிவதற்குள் கடையில் பொருள் வாங்குவதற்குத் தேவையான பத்துச் சிங்கள வாக்கியங்களைப் பழகி, அவற்றைக் கடைக்காரருடன் பேசிப் பார்ப்பேன்" என்பது இலக்கு. முன்னையதைச் செய்து முடித்தோமா என்று யாராலும் கூற முடியாது. பின்னையதை ஆம் அல்லது இல்லை என்று கூறலாம்.

1981 இல் ஜோர்ஜ் டொரன் என்பவர் முகாமையாளர்களுக்காக எழுதிய கட்டுரை ஒன்றில், நல்ல இலக்குக்குரிய ஐந்து பண்புகளைக் குறிப்பிட்டார். அது பின்னர் கல்வித்துறைக்கும் ஏற்றவாறு மாற்றப்பட்டது. இன்று பாடசாலைகளில் கற்பிக்கப்படும் வடிவம் பின்வருமாறு:

(அ) தெளிவானது: என்ன செய்யப் போகிறோம் என்பது ஒரே வாக்கியத்தில் விளங்க வேண்டும்.
(ஆ) அளவிடக்கூடியது: எத்தனை, எவ்வளவு என்று எண்ண முடிய வேண்டும்.
(இ) அடையக்கூடியது: இருக்கும் பணம், நேரம், இடம் ஆகியவற்றுக்குள் செய்ய முடிய வேண்டும்.
(ஈ) பொருத்தமானது: அது நமக்கு வேண்டியதாக இருக்க வேண்டும்; பிறருக்குக் காட்டுவதற்காக இருக்கலாகாது.
(உ) காலவரையறை உடையது: முடிக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இலக்குகள் பற்றிப் பல்லாண்டுகள் ஆய்வு செய்த எட்வின் லொக், கரி லேதம் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் முக்கியமான இரு முடிவுகளைத் தந்துள்ளனர். முதலாவது, "உன்னால் இயன்றவரை செய்" என்று பொதுவாகக் கூறுவதைவிட, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கைக் கொடுக்கும்போது மனிதர் கூடுதலாகச் சாதிக்கின்றனர். இரண்டாவது, பழக்கமில்லாத சிக்கலான வேலை ஒன்றில் "இவ்வளவு வெற்றி பெறுவேன்" என்ற இலக்கைவிட, "இதனை இப்படிக் கற்றுக்கொள்வேன்" என்ற இலக்கே நன்கு பயன்படுகின்றது.

ஆகவே புதிய அனுபவத்துக்கான இலக்கை விளைவாக எழுதாமல் செயலாக எழுதுங்கள். "சதுரங்கப் போட்டியில் முதலிடம் பெறுவேன்" என்பது விளைவு. அது எதிராளியின் கையிலும் உள்ளது. "வாரத்துக்கு இரண்டு ஆட்டமாக ஆறு வாரம் விளையாடி, தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றிலும் எந்த நகர்வு பிழைத்தது என்று எழுதி வைப்பேன்" என்பது செயல். அது முழுவதும் உங்கள் கையில் உள்ளது.

2. புதிய அனுபவங்களை முயலுதல்

இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றபோது மிதவேகப் பந்து வீச்சாளராகவே இருந்தார். பதினான்கு வயதளவில் பாடசாலைப் பயிற்றுநரின் ஆலோசனைப்படி சுழற்பந்தை வீசிப் பார்த்தார். 2010 இல் காலியில் நடந்த தமது இறுதி டெஸ்ட் போட்டியில் 800 ஆவது விக்கெட்டைக் கைப்பற்றி ஓய்வு பெற்றார். டெஸ்ட் வரலாற்றில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. உங்கள் வயதில் அவர் எடுத்தது உலக சாதனைக்கான முடிவு அன்று. தெரிந்த ஒன்றைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துத் தெரியாத ஒன்றைச் செய்து பார்க்கும் முடிவே அது.

புதிய அனுபவம் என்றவுடன் தூரப் பயணமும் பெருஞ்செலவும் நினைவுக்கு வரத் தேவையில்லை. வீட்டைச் சுற்றியே பல முயற்சிகள் உள்ளன. அவற்றுட் சில, உயர்தரத் துறையைத் தெரிவு செய்வதற்கு முன் உங்களைச் சோதித்துப் பார்க்கவும் உதவும்.

• வர்த்தகத் துறையை நினைப்பவர்: ஒரு மாத காலம் வீட்டின் வரவு செலவை நாள்தோறும் பதிந்து, மாத முடிவில் மீதியைச் சரி பார்த்தல்.
• தொழினுட்பத் துறையை நினைப்பவர்: சைக்கிள் திருத்தும் கடைக்காரரிடம் அனுமதி பெற்று, ரியூப்புக்கு ஒட்டுப் போடவும் பிரேக் கட்டை மாற்றவும் பழகுதல்.
• உயிரியல் துறையை நினைப்பவர்: பயற்றை நிழலிலும் வெயிலிலும் முளைக்க வைத்து, இரு வாரங்களுக்கு நாள்தோறும் உயரத்தை அளந்து வரைபு வரைதல்.
• கலைத் துறையை நினைப்பவர்: அம்மம்மா அல்லது தாத்தா கூறும் ஊர்க்கதை ஒன்றை அவர் பேசும் சொற்களிலேயே எழுதி, பின்னர் அதனை எழுத்துத் தமிழில் ஒழுங்குபடுத்துதல்.
• கணிதத் துறையை நினைப்பவர்: பாடப் புத்தகத்தில் இல்லாத கடினமான கணக்கு ஒன்றை எடுத்து, விடையைப் பாராமல் மூன்று நாட்கள் முயன்று பார்த்தல்.

மூன்றாவது நாளிலும் அக்கணக்கு உங்களைத் தன்பால் இழுக்கிறதா? பதிவு எழுதும் வேலை இருபதாவது நாளிலும் சலிக்காமல் இருக்கிறதா? இவ்வினாக்களுக்கான விடையை வேறு யாரும் உங்களுக்குக் கூற முடியாது. ஒரு துறையில் பெறும் ஏ சித்தி உங்கள் திறமையைக் காட்டும். அவ்வேலையை நாள்தோறும் செய்ய உங்களுக்கு விருப்பம் உண்டா என்பதை இத்தகைய முயற்சியே காட்டும்.

கவனிக்க: முதல் முறையிலேயே "எனக்கு இது சரிவராது" என்று முடிவு செய்யாதீர்கள். முதல் முறை எதுவும் அந்நியமாகவே தோன்றும். குறைந்தது மூன்று முறை செய்து பார்த்தபின் தீர்மானியுங்கள். மூன்று முறைக்குப் பின்னும் பிடிக்கவில்லையெனின் அதனைக் கைவிடலாம். அதுவும் பயனுள்ள ஒரு முடிவே.

2.1 முயலத் தகாதவை

"ஒருக்கா செய்து பார், புது அனுபவமாக இருக்கும்" என்பது சகபாடிகள் புகைத்தலுக்கும் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அழைக்கும்போது கூறும் வசனமுமாகும். ஆகவே எந்தப் புதிய முயற்சிக்கு முன்னும் பின்வரும் மூன்று வினாக்களையும் கேளுங்கள்.

1. நான் விரும்பிய நேரத்தில் இதனை நிறுத்த முடியுமா?
2. இதனைச் செய்யப் போகிறேன் என்று வீட்டில் கூற முடியுமா?
3. இதனால் பயன் பெறுபவர் நானா, எனக்கு விற்பவரா?

போதைப் பொருட்கள் இம்மூன்று வினாக்களிலும் தோற்றுவிடும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை, மதுசாரப் பொருட்களை விற்பதைத் தடை செய்கின்றது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மறுக்கும்போது நீண்ட விளக்கம் தேவையில்லை. "எனக்கு வேண்டாம்" என்று தெளிவாகக் கூறி அவ்விடத்தை விட்டு நீங்குதல் போதும். நீந்துதல், மலையேறுதல் போன்ற முயற்சிகளை அனுபவமுள்ள வளர்ந்தவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டுமே மேற்கொள்ள வேண்டும்.

3. பழைய விருப்பங்களை மீட்டல்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒதுக்கி வைத்த வர்ணப் பெட்டியை மீண்டும் திறக்காத மாணவர் பலர் உள்ளனர். கிளித்தட்டு, கிட்டிப்புள் போன்ற விளையாட்டுகளும், கூத்தில் சிறு வேடம் ஏற்றதும், வீட்டுத் தோட்டத்தில் கத்தரி நட்டதும் இவ்வாறே நின்று போகின்றன. இவற்றுக்குத் திரும்புவதால் மூன்று பயன்கள் கிடைக்கின்றன.

(அ) மீண்டும் கற்பது விரைவானது. ஜேர்மனிய உளவியலாளர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885 இல் வெளியிட்ட நினைவு பற்றிய ஆய்வில், ஒருமுறை கற்று மறந்துபோன ஒன்றை மீளக் கற்பதற்கு முதல் முறையைவிடக் குறைந்த நேரமே செல்கின்றது என்று காட்டினார். மறந்துவிட்டது என நாம் எண்ணுவதில் ஒரு பகுதி எஞ்சியே இருக்கின்றது. ஆர்மோனியத்தைக் கைவிட்டு ஐந்து வருடமாகிய ஒருவர் முதற் படியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இவ்வுண்மை பாடங்களை மீட்டற் செய்வதற்கும் பொருந்தும்.

(ஆ) நமது வளர்ச்சி தெரிகின்றது. தரம் 7 இல் வாசித்த கதைப்புத்தகத்தை இப்போது மீண்டும் வாசியுங்கள். புத்தகம் மாறவில்லை. ஆனால் அன்று வீரனாகத் தெரிந்த பாத்திரம் இன்று முரடனாகத் தெரியலாம். அன்று தாண்டிச் சென்ற தாயின் பாத்திரம் இன்று மனதில் நிற்கலாம். அந்த வேறுபாடு முழுவதும் உங்களுள் நிகழ்ந்தது. அதனைக் காட்டும் அளவுகோல் புள்ளி அட்டையில் இல்லை.

(இ) மனம் இளைப்பாறுகின்றது. தெரிந்த ஒன்றைச் செய்யும்போது தோல்விப் பயம் குறைவு. பரீட்சைக் காலப் பதற்றத்துக்கு நடுவே வாரத்தில் ஒரு மணித்தியாலம் இத்தகைய ஓய்வு வேண்டும்.

பழையதை மீட்டல் என்பது பழையதிலேயே நின்றுவிடுதல் ஆகாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சுவாமி விபுலாநந்தர். 1892 இல் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த அவர், விஞ்ஞானம் கற்று விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தில் கூறப்படும், வழக்கொழிந்து போன யாழ் என்னும் இசைக்கருவியை அவர் மீள ஆராய்ந்தபோது, தாம் கற்ற பௌதிகமும் கணிதமும் அவருக்குக் கைகொடுத்தன. பல ஆண்டு ஆய்வின் பயனாக 1947 இல் யாழ்நூல் வெளிவந்தது. புதிதாகக் கற்றதைப் பழைய விருப்பத்துக்குக் கொண்டு சென்றமையே அவருடைய வழி. இலக்கு வகுக்கும்போது நீங்களும் இரண்டையும் இவ்வாறு இணைக்கலாம். உதாரணமாக, சிறுவயதில் கட்டிய பட்டத்தை இம்முறை கேத்திரகணிதத்தைப் பயன்படுத்தி அளவிட்டுக் கட்டிப் பார்க்கலாம்.

போரினாலோ 2004 ஆழிப்பேரலையினாலோ ஊரை விட்டு நீங்கிய குடும்பங்களில் வளரும் மாணவர்களும் உங்களுள் இருப்பீர்கள். பெற்றோர் விரும்பிய இடத்துக்குத் திரும்பிச் செல்ல முடியாத நிலை சிலருக்கு உண்டு. அத்தகையோர் அந்த ஊரின் சமையலை அம்மாவிடம் கேட்டுச் சமைத்துப் பார்க்கலாம். அங்கு விளையாடிய விளையாட்டை மாமாவிடம் கேட்டுத் தம்பி தங்கையருக்குப் பழக்கலாம். போக முடியாத இடத்தின் ஒரு பகுதி இவ்வாறு கைக்கு வருகின்றது.

4. நேரம் எங்கே?

"படிக்கவே நேரமில்லை" என்பது நியாயமான மறுப்பு. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்தில் 24 × 7 = 168 மணித்தியாலங்கள் உள்ளன.

நித்திரை: 8 × 7 = 56
பாடசாலையும் போக்குவரத்தும்: 8 × 5 = 40
சுயகற்றல்: 3 × 7 = 21
மேலதிக வகுப்புகள்: 10
உணவு, குளிப்பு, வீட்டு வேலை: 3 × 7 = 21
மொத்தம்: 148
மீதி: 168 − 148 = 20 மணித்தியாலங்கள்

இது மாதிரிக் கணக்கு மட்டுமே. வீட்டில் நோயாளரைப் பராமரிப்பவருக்கும், மாலையில் தொழிலுக்கு உதவுபவருக்கும் மீதி இதைவிடக் குறையும். உங்கள் வாரத்தை நீங்களே கணக்கிடுங்கள். மீதியுள்ள நேரத்தில் இரண்டு மணித்தியாலத்தை மட்டும் இத்திட்டத்துக்கு ஒதுக்கினால் போதும். பெரும்பாலும் அந்த இரண்டு மணித்தியாலம் கைத்தொலைபேசியில் கழியும் நேரத்திலிருந்தே கிடைத்துவிடும்.

5. ஒரு தவணைக்கான மாதிரித் திட்டம்

காலம்: 12 வாரங்கள். இலக்குகள்: புதியது இரண்டு, பழையது ஒன்று.

புதியது 1: முதல் நான்கு சனிக்கிழமைகளில் சைக்கிள் கடையில் ரியூப்புக்கு ஒட்டுப் போடப் பழகுவேன். நான்காம் வாரம் வீட்டுச் சைக்கிளுக்குத் தனியாக ஒட்டுப் போடுவேன்.
புதியது 2: ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை பத்துச் சிங்கள வாக்கியங்களைப் பழகி, சிங்களம் பேசுபவர் ஒருவருடன் பேசுவேன்.
பழையது: ஒன்பதாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை, முன்பு விரும்பி வாசித்த நாவல் ஒன்றை நூலகத்தில் பெற்று மீண்டும் வாசித்து, "அன்றும் இன்றும்" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதுவேன்.

திட்டத்தை எழுதும்போது "எப்போது, எங்கே" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் 1999 இல் வெளியிட்ட கட்டுரையில், "இன்ன சந்தர்ப்பம் வந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர் தமது இலக்கை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். உதாரணங்கள்:

• சனிக்கிழமை நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தால், நேரே சைக்கிள் கடைக்குப் போவேன்.
• மழையால் போக முடியாவிட்டால், ஞாயிறு காலை போவேன்.
• ஒரு வாரம் தவறினால், அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடருவேன்.

6. மீளாய்வு

ஒரு கொப்பியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று விடைகளை எழுதுங்கள். செய்தது என்ன? அப்போது என்ன உணர்ந்தேன்? அடுத்து எதனை மாற்றுவேன்? இலக்குப் பெரிதாகிவிட்டால் சிறிதாக்கலாம். பொருந்தாவிட்டால் காரணத்தை எழுதிவிட்டு வேறொன்றை எடுக்கலாம். பரீட்சை முடிந்து துறை தெரிவு செய்யும் நாளில் இந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள். பெற்றோருடன் பேசும்போது "எனக்குப் பிடிக்கும்" என்று மட்டும் கூறாமல், "நான் செய்து பார்த்தேன், இப்படி இருந்தது" என்று கூற உங்களிடம் சான்று இருக்கும்.

7. மாதிரி வினாவும் விடையும்

மாணவர் அ: "வரும் ஆண்டில் நிறையப் புதிய விடயங்கள் செய்வேன்" என்று நாட்குறிப்பில் எழுதினார்.
மாணவர் ஆ: "ஆறு வாரத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணித்தியாலம், முன்பு கைவிட்ட மிருதங்கத்தை மீண்டும் பழகுவேன்" என்று எழுதினார்.

(i) இவற்றுள் இலக்கு எனக் கொள்ளத்தக்கது எது? இரு காரணங்கள் தருக. (3 புள்ளிகள்)
விடை: ஆ எழுதியது. அதில் செயல் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. ஆறு வாரம், ஒரு மணித்தியாலம் என்று அளவும் காலமும் குறிக்கப்பட்டுள்ளன.

(ii) மாணவர் அ எழுதியதை ஓர் இலக்காக மாற்றி எழுதுக. (2 புள்ளிகள்)
விடை: "தை மாத இறுதிக்குள் ஒடியற் கூழ் காய்ச்சும் முறையை அம்மம்மாவிடம் கேட்டு எழுதி, இருமுறை காய்ச்சிப் பார்ப்பேன்." (பொருத்தமான வேறு விடைகளுக்கும் புள்ளி வழங்கலாம்.)

(iii) மாணவர் ஆ எதிர்பார்ப்பதைவிட விரைவாக முன்னேறக்கூடும். ஏன்? (2 புள்ளிகள்)
விடை: முன்பு கற்றதில் ஒரு பகுதி நினைவில் எஞ்சியிருப்பதால், மீளக் கற்பதற்குக் குறைந்த நேரமே தேவைப்படும்.

8. பயிற்சி வினாக்கள்

1. விருப்பத்துக்கும் இலக்குக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டினை உதாரணத்துடன் விளக்குக.
2. விளைவு இலக்கு ஒன்றை எழுதி, அதனைச் செயல் இலக்காக மாற்றுக.
3. நீங்கள் தெரிவு செய்ய எண்ணும் உயர்தரத் துறையை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க உதவும் முயற்சி ஒன்றைத் திட்டமிடுக.
4. "புது அனுபவம்" என்று கூறிச் சகபாடி ஒருவர் உங்களைப் புகைக்க அழைக்கின்றார். நீங்கள் நடந்துகொள்ளும் முறையை விபரிக்க.
5. புதியது இரண்டும் பழையது ஒன்றுமாக உங்கள் அடுத்த தவணைக்கான திட்டத்தைத் தயாரிக்க.

நினைவிற் கொள்க

• இலக்கு என்பது செய்து முடித்தோமா எனச் சரிபார்க்கக்கூடிய செயல்.
• புதிய அனுபவம் நமக்குத் தெரியாத விருப்பத்தையும் திறனையும் காட்டும். பழைய விருப்பம் நாம் எவ்வளவு வளர்ந்துள்ளோம் என்பதைக் காட்டும்.
• மூன்று முறை முயன்றபின் தீர்மானிக்க வேண்டும்.
• வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் போதும். அதற்குப் பரீட்சை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.